மருந்து வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கோடைக்காலப் பயிற்சி: கொங்கு நாட்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் பகுதிகளில் பி.ஃபார்ம். அல்லது வேதியியல் படிக்கும் மாணவர்கள் கோடை விடுமுறையில் மருந்து வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் பயிற்சி பெற விரும்பினால், பொங்கல் முடிந்தவுடன் அதற்கான கடிதத்தை எழுதிவிட வேண்டும். தேர்வு முடிந்த பிறகு தேடத் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் இடமே கிடைக்கிறது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. எந்த ஆண்டில் படிக்கிறீர்கள், எந்தச் செய்முறைகளை உங்கள் கையாலேயே செய்திருக்கிறீர்கள், எத்தனை வாரம் தொடர்ந்து வர முடியும், அந்தப் பேராசிரியரின் எந்த ஆய்வு உங்களை ஈர்த்தது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். பீளமேட்டிலும் குமாரபாளையத்திலும் நல்ல மருந்தியல் கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய நிறுவனத்தின் பெயருக்காகத் தொலைவில் சென்று கண்ணாடிக்கு வெளியே நிற்பதைவிட, வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டைத் தினமும் கையில் எடுப்பதே மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் நாளுக்குத் தடித்த அட்டை போட்ட, பக்க எண்ணிட்ட நோட்டு ஒன்றையும், அழியாத மை கொண்ட பேனாவையும் வாங்கிச் செல்லுங்கள். ஆய்வுக்கூடமே நோட்டுக் கொடுத்தால் அதையே பயன்படுத்துங்கள். பயிற்சி மாணவர் தயாரிக்கும் சில கிராம் பொருளால் ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை. அவர் எழுதி வைக்கும் பதிவு நம்பகமானதாக இருந்தால், அவர் போன பிறகும் அடுத்தவர் அதை வைத்து வேலையைத் தொடர முடியும். மருந்துத் துறையில் பதிவு செய்யப்படாத வேலை செய்யப்படாத வேலையாகவே கருதப்படும். ஆகவே எடை, கன அளவு, வெப்பநிலை, நேரம், நிறம் ஆகியவற்றை நடந்த அந்த நொடியிலேயே நோட்டில் எழுத வேண்டும். துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு மாலையில் அழகாகப் பெயர்த்து எழுதுவது கூடாது. தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, அடியில் இருப்பது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமும் தேதியும் இடுங்கள். வெள்ளை மை பூசுவதும் தாளைக் கிழிப்பதும் ஒருபோதும் வேண்டாம்.

இந்தப் பழக்கம் ஏன் தேவை என்பதை நம் ஊர் மஞ்சளைக் கொண்டே பார்க்கலாம், ஏனெனில் இங்குள்ள மாணவர்களுக்குத் தரப்படும் முதல் வேலைகளில் ஒன்றாக மஞ்சள் தூளில், அதற்கு நிறம் தரும் பொருளான குர்குமினின் அளவைக் கண்டறிவது அமையக்கூடும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மாதிரிப் பொட்டலத்தின் மேல் “ஈரோடு மஞ்சள்” என்று மட்டும் எழுதினால் வேதியியலாளருக்கு அதில் பயன் குறைவு. மண்டியில் விரல் போல நீண்டதை விரலி என்றும் உருண்டையானதைக் கிழங்கு என்றும் பிரித்துத்தான் ஏலம் விடுகிறார்கள். உங்கள் மாதிரி அவற்றில் எது, எந்த ஊர்க் காட்டில் விளைந்தது, வேகவைத்துக் காயவைத்ததா, எப்போது அரைத்தது என்று கேட்டு எழுதுங்கள். கொண்டுவந்து கொடுத்த விவசாயியிடம் மரியாதையாகக் கேட்டால் அவர் சொல்லும் விவரம் எந்தக் கருவியும் சொல்லாதது.

மாதிரியோடு ஒப்பிடுவதற்கான தூய குர்குமினில் 10 மில்லிகிராம் எடுத்து, மெத்தனாலில் கரைத்து 100 மில்லிலிட்டராக்கினால் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும். அதில் 10 மில்லிலிட்டரை மீண்டும் 100 ஆக்கி, அந்தக் கரைசலிலிருந்து 1 முதல் 5 மில்லிலிட்டர் வரை தனித்தனியாக எடுத்து ஒவ்வொன்றையும் 10 மில்லிலிட்டராக்கினால், மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் வரையிலான ஐந்து கரைசல்கள் கிடைக்கும். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் இவற்றைச் சுமார் 425 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து, செறிவுக்கு எதிராக நேர்கோடு வரைய வேண்டும்; மாதிரியின் அளவை இந்தக் கோட்டைக் கொண்டே கணக்கிடுவோம். நான்கு தசம இலக்கத் தராசில் 0.1 மில்லிகிராம் வேறுபட்டாலே 10 மில்லிகிராமில் அது ஒரு சதவீதம் ஆகிவிடும். ஆதலால் எடை போடும்போது மேலே சுற்றும் மின்விசிறியை, எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், நிறுத்திவிட்டுத் தராசின் கதவுகளை மூடுங்கள். தராசு 10.3 என்று காட்டினால் 10.3 என்றே எழுதி, அதற்கேற்பச் செறிவைக் கணக்கிடுங்கள். 10 என்று எழுதுவது வசதிக்காகச் சொல்லும் பொய்.

குர்குமின் வெளிச்சத்தில் சிதையும், காரக் கரைசலில் அதைவிட வேகமாகச் சிதையும். எனவே குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள், சன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும்: மஞ்சளில் குர்குமினோடு டெமெதாக்சிகுர்குமின், பிஸ்டெமெதாக்சிகுர்குமின் என்ற இரண்டு உறவுப் பொருள்களும் உண்டு, அவையும் ஏறக்குறைய அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். ஆகையால் இந்த முறையில் கிடைப்பது மூன்றின் கூட்டுத் தொகை. அறிக்கையில் அதை வெறும் “குர்குமின்” என்று எழுதினால் வழிகாட்டி திருப்பிக் கொடுப்பார், கொடுக்கவும் வேண்டும். மூன்றையும் தனித்தனியாகக் காண, கலவையைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தட்டையோ எச்.பி.எல்.சி. (உயர்திறன் நீர்ம நிறப்பிரிகை) கருவியையோ நாட வேண்டும். எச்.பி.எல்.சி.யைத் தொடக் கிடைத்தால் கரைப்பான் கலவையை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிக் காற்றை நீக்காமல் உள்ளே விடாதீர்கள்; உப்புக் கரைசல் ஓட்டியிருந்தால், மாலையில் முதலில் தண்ணீர் மிகுந்த கலவையாலும் பிறகு மெத்தனாலாலும் கழுவிவிட்டே கருவியை நிறுத்துங்கள்.

நம் பகுதியின் வெயில் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் வேலை செய்கிறது என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. டையெதில் ஈதர் என்ற கரைப்பானின் கொதிநிலை 34.6 டிகிரி செல்சியஸ், டைகுளோரோமெத்தேன் என்ற கரைப்பானுக்கு 39.6. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை, வைகாசி மதியங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, குளிர்சாதனம் இல்லாத அறையில் ஈதர் தன் கொதிநிலையிலேயே இருக்கிறது என்று பொருள். அந்தப் புட்டியைத் திறக்கும் முன் பனிக்கட்டித் தண்ணீரில் குளிரவையுங்கள். ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கும் பிரிபுனலைக் குலுக்கும்போது சில விநாடிக்கு ஒருமுறை குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள், திறக்கும் முனை யார் முகத்தையும் நோக்கி இருக்கக் கூடாது. அருகில் எங்கும் தீயோ சூடான தட்டோ இருக்கக் கூடாது. மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மதியத்தில் வெந்நீராகிவிடுவதால் ஆவியைத் திரவமாக்கும் குளிர்விப்பான் வழியே ஆவி தப்பிப் போகும். கரைப்பான் ஆவியாக்கும் வேலையைக் காலை எட்டு மணிக்கே தொடங்குவது நல்லது, அல்லது பனிக்கட்டி கலந்த நீரைச் சிறு மோட்டாரால் சுற்றவிடலாம்.

பாதுகாப்பு விதிகளை ஆய்வுக்கூடமே சொல்லித் தரும். பாதுகாப்புக் கண்ணாடி, பருத்தி மேலங்கி, மூடிய காலணி, கட்டிய கூந்தல் ஆகியவற்றில் விலக்குக் கேட்காதீர்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. கழிவுகளில் குளோரோஃபார்ம் போன்ற குளோரின் சேர்ந்த கரைப்பான்களைத் தனிக் கலனில் சேருங்கள். குறிப்பாக அசிட்டோனும் குளோரோஃபார்மும் காரத்தின் முன்னிலையில் சேர்ந்தால் வெடிக்கும் அளவுக்கு வெப்பம் உண்டாகும். எந்தக் கலன் எதற்கு என்று தெரியாவிட்டால், அங்கே பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் உதவியாளரிடம் “அண்ணா, இதை எதில் ஊற்றணுங்க?” என்று கேளுங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார்.

கடைசி வாரத்தில் புதிய சோதனை எதையும் தொடங்க வேண்டாம். கணக்குகளை மீண்டும் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு குப்பியின் மேலும் பொருளின் பெயர், கரைப்பான், செறிவு, தேதி, உங்கள் பெயர், நோட்டின் பக்க எண் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். நோட்டு ஆய்வுக்கூடத்துக்கே சொந்தம். கல்லூரி அறிக்கைக்குத் தேவையான பக்கங்களைப் படமெடுக்க வழிகாட்டியின் அனுமதியைக் கேட்டுப் பெறுங்கள், வெளியிடாத முடிவுகளை நண்பர்களின் குழுவில் பகிராதீர்கள். எந்தக் குப்பியைக் கொட்டலாம், எதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்து அந்த மேசைக்கு வருபவரிடம் நேரில் கொடுத்துவிட்டு, அலமாரிச் சாவியை ஒப்படையுங்கள்.