வெளிநாட்டுத் தொடர்புள்ள வழக்குகள்: படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

தனியார் பன்னாட்டுச் சட்டம் என்றதும் ஐ.நா. சபை, ஒப்பந்தங்கள் என்று மனம் போய்விடுகிறது. முதல் சறுக்கல் அங்கேதான். இது நாடுகளின் சண்டை அல்ல, எல்லை தாண்டி வாழும் மனிதர்களின் வழக்கு. அதை நம் நீதிமன்றம் நம் நாட்டு விதிகளை வைத்தே அணுகுகிறது.

அடுத்ததுதான் பெரிய தவறு: எடுத்த எடுப்பிலேயே 'எந்த நாட்டுச் சட்டம்?' என்று கேட்பது. கேள்விகள் மூன்று. இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு உண்டா? உண்டென்றால், எந்தச் சட்டம்? வெளிநாட்டில் ஏற்கெனவே தீர்ப்பு வந்திருந்தால், அது இங்கே செல்லுமா?

1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பாருங்கள். 1975-ல் திருப்பதியில் இந்து முறைப்படி திருமணம். பிறகு கணவர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 90 நாள் வசித்ததாகச் சொல்லி அங்கே விவாகரத்து வாங்கினார். இந்தியாவில் மறுமணமும் செய்துகொண்டார். மனைவி இருதார மணப் புகார் கொடுத்தார். 'மிசௌரி சட்டப்படி சரிதானே' என்று விடைத்தாளை முடித்துவிடாதீர்கள். அங்கே மாஜி மனைவி, இங்கே மனைவி என்று நடுவில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது மூன்றாவது கேள்வியின் விடை. வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்று சொல்லும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது நீதிமன்றம். எந்தச் சட்டப்படி மணந்தார்களோ, அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் நீதிமன்றமும் காரணமும் வேண்டும். மிசௌரி சொன்ன காரணம், மீட்க முடியாதபடி உறவு முறிந்தது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படியொரு காரணம் இல்லை.

விதிவிலக்குகளையும் படியுங்கள். மனைவி தானே முன்வந்து அங்கே வழக்காடியிருந்தாலோ சம்மதித்திருந்தாலோ கதை வேறு. இவரும் மிசௌரிக்குப் பதில் அனுப்பினார், ஆனால் ஆட்சேபணையோடு; அதனால் அது தானே முன்வந்து வழக்காடியதாகாது. அந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.

குடியுரிமையையும் டொமிசைலையும் ஒன்றாக்குவது இன்னொரு தவறு. பாஸ்போர்ட் ஒரு நாட்டுடையதாக இருக்கலாம். நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு வாழும் இடம், அதாவது டொமிசைல், வேறாக இருக்கலாம்.

அப்புறம் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு. பிரிட்டன், சிங்கப்பூர், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் என அறிவிக்கை செய்யப்பட்ட நாடுகளின் உயர்நிலை நீதிமன்றங்கள் தந்த பணத் தீர்ப்புகளை (பணம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்புகளை) இங்கே நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். அப்போதும் 13-ஆம் பிரிவின் தடைகள் உண்டு. அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே பணத் தீர்ப்பு வாங்கியவர், தீர்ப்புத் தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் இங்கே புது வழக்குப் போட வேண்டும்.