மும்பையில் இருந்தபடியே ஐரோப்பிய ஓவிய நூலகங்களைப் பயன்படுத்துவது எப்படி

ஃபோர்ட்டில் இருக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் டாடா குடும்பம் சேர்த்துக் கொடுத்த ஐரோப்பிய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்து, இதை ஆழமாகப் படிக்க வெளிநாடுதான் போகணுமா என்று மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டாம். விசா, டிக்கெட் எல்லாம் கடைசியில்தான்.

டச்சு ஓவியம் என்றால் நேராக ஆர்கேடி (RKD) தளத்துக்குப் போங்கள். ஹேக் நகரில் 1932 முதல் இருக்கும் ஆய்வு மையம் அது. ஓவியர் பட்டியல், படத் தொகுப்பு இரண்டும் இலவசம், ஆங்கிலத்திலேயே தேடலாம். முதலில் ஓவியரின் பக்கத்தைத் திறந்து, அவருக்கு இருக்கும் எல்லாப் பெயர்களையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஓவியர் கெரார்ட் வான் ஹொந்தோர்ஸ்ட் நெதர்லாந்தின் உத்ரெக்ட்காரர். ரோமில் இருந்தபோது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவுக் காட்சிகளாக வரைந்து தள்ளியதால், இத்தாலிக்காரர்களுக்கு அவர் கெரார்டோ தெல்லே நோத்தி, அதாவது ‘இரவுகளின் கெரார்டோ’. ஒரே பெயரில் தேடினால் பல நல்ல கட்டுரைகள் கண்ணிலேயே படாது.

வரைந்தவர் யாரென்றே தெரியாவிட்டால்? அங்கேதான் ஐகான்கிளாஸ் (Iconclass) கைகொடுக்கும். படத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு எண் கொடுக்கும் முறை அது. குழந்தை இயேசுவை மூன்று ஞானிகள் வணங்கும் காட்சியா? 7 என்றால் பைபிள், 73 புதிய ஏற்பாடு, 73பி இயேசுவின் பிறப்பும் இளமையும், 73பி57 இந்த ஞானிகள் காட்சி. (பி-யை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) அந்த எண்ணை வைத்துத் தேடினால் அதே காட்சியைப் பலர் வரைந்த படங்கள் வரிசையாக வந்து நிற்கும். கை எங்கே, ஒட்டகம் எங்கே, ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள், எனக்கு இதைவிட நல்ல பாடம் தெரியாது.

அப்புறம் குபிகாட் (Kubikat). ஃப்ளோரன்ஸ், ரோம், மியூனிக், பாரிஸ் ஆகிய ஊர்களில் இருக்கும் ஜெர்மன் கலை வரலாற்று நிறுவனங்களின் பொது நூற்பட்டியல். புத்தகங்களோடு, இதழ்களிலும் தொகுப்புகளிலும் வந்த தனிக் கட்டுரைகளும் இதில் பதிவாகியிருக்கும், அதுதான் இதன் பலம்.

பழைய நூல் என்றால், யாரிடமும் கேட்பதற்கு முன் கெட்டி ரிசர்ச் போர்ட்டல் (Getty Research Portal) தளத்தைப் பாருங்கள். ஸ்கேன் செய்த கலை வரலாற்று நூல்களை அது ஒரே இடத்தில் தேடித் தரும். அங்கேயும் இல்லை, மும்பை நூலகங்களிலும் இல்லை என்றால் மட்டும், அந்த நூலை வைத்திருக்கும் நூலகத்துக்கு மெயில் போடுங்கள். முழுப் புத்தகத்தைக் கேட்காதீர்கள். ஆசிரியர், கட்டுரைத் தலைப்பு, இதழ், ஆண்டு, பக்க எண், எதற்காக வேண்டும் என்று ஒரு வரி, அவ்வளவு போதும்.