போலந்து மன்னர்கள் ஒப்பமிட்ட ஆவணங்களைச் சேகரித்தலும் காத்தலும்

மூன்றாம் யான் சோபியெஸ்கி (1674–1696), கடைசி மன்னர் ஸ்தனிஸ்வாவ் ஆகஸ்ட் (1764–1795) ஆகியோரின் ஆவணங்களில் வாசகத்தை எழுத்தர் எழுத, மன்னர் ஒப்பம் மட்டும் இடுவது வழக்கமாதலால், இருவேறு கைகளின் எழுத்து இருப்பதாலேயே அதைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. லத்தீன் ஆவணத்தில் ‘ரெக்ஸ்’ என்றும் போலிஷ் ஆவணத்தில் ‘க்ருல்’ என்றும் (இரண்டுக்கும் ‘மன்னர்’ என்பதே பொருள்) பெயருடன் வருவதை, ஐயமற்ற மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்குமுன் உரிமை வரலாற்றை, அதாவது ஆவணம் யார் யாரிடம் இருந்து வந்தது என்பதை, எழுத்தில் கேளுங்கள். இதில் சற்றும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏனெனில் இரண்டாம் உலகப்போரில் போலந்துத் தலைநகர் வார்சாவின் ஆவணக் காப்பகங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. போரில் காணாமற்போன கலைப்பொருள்களின் பட்டியலைப் போலந்து பண்பாட்டு அமைச்சகம் பராமரிக்கிறது. பழைய காப்பக ஆவணங்களைப் போலந்திலிருந்து வெளியே கொண்டுசெல்ல அரசின் அனுமதி வேண்டும்.

அக்கால மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் (ஓர் இரும்பு உப்பு) கலந்தது. அதன் அமிலம் தாளை மெல்ல அரிக்கும், ஈரம் அதை விரைவுபடுத்தும். ஆகவே நீரால் துடைக்காமலும், ஒட்டுநாடா ஒட்டாமலும், பிளாஸ்டிக் உறையிட்டு வெப்பத்தால் மூடாமலும், அமிலமற்ற அட்டை உறைக்குள் தட்டையாக வையுங்கள். மெழுகு முத்திரை இருந்தால் அதன்மேல் எடை விழக் கூடாது. கழுவி உலர்த்திய வெறுங்கைகளே போதும்; துணிக் கையுறையில் விரலுணர்வு குறைந்து தாள் கிழியக்கூடும். கிழிசலைச் சீரமைப்பதைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரிடமே விடுங்கள்.