வேற்றுமொழிக் குழந்தையின் கையில் டேப்லெட் கொடுக்கும் முன்

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் வேலைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள், வருடம் முழுக்க எங்கள் தொடக்கப் பள்ளிகளில் வந்து சேர்கிறார்கள். போன மாதம் புதிதாகப் பணிக்கு வந்த ஓர் ஆசிரியையின் மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு சிறுமி, காதில் ஹெட்போன், கையில் டேப்லெட். இந்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “அவ பாஷையிலேயே போட்டு விட்டிருக்கேன்க்கா, பாவம் புரியட்டும்னு” என்றார். நல்ல மனசுதான். நானும் அதே நல்ல மனசோடு அதே தவறைச் செய்தவள்.

இப்படிப் புதிய ஆசிரியர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். சார்ஜ் போட மறப்பது, நெட் இல்லாத நேரத்தில் வீடியோவை நம்பியிருப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வடக்கேயிருந்து வந்தால் இந்திதான் என்று முடிவு கட்டுவது

என் வகுப்பில் ஜார்க்கண்டிலிருந்து ஒரு பெண் குழந்தை சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி இந்தி என்று இருந்தது. அப்பாவும் அப்படித்தான் சொன்னார். நான் தேடித் தேடி இந்தி வீடியோக்களை இறக்கிக் கொடுத்தேன். நான்கு மாதம் அவள் வாயே திறக்கவில்லை. காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் மதியம் அவளுடைய தம்பி குழாயடியில் தட்டைத் தவறவிட்டு அழுதான். இவள் ஓடிப்போய், “தாக், தாக்” என்று குழாயைக் காட்டி ஏதோ சொன்னாள். தண்ணீருக்கு இந்தியில் ‘பானி’ என்பது எனக்கே தெரியும். இது என்ன ‘தாக்’? சாயங்காலம் அவள் அப்பாவைப் பிடித்து, வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “சந்தாளி. டீச்சருக்குத் தெரியாது, அதான் இந்தி சொன்னேன்.”

சந்தாளி முண்டா மொழிகளைச் சேர்ந்தது. தமிழ் எப்படி இந்தியின் குடும்பம் இல்லையோ, அதுவும் இல்லை. 1925-இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஓல் சிக்கி என்ற தனி எழுத்து அதற்கு உண்டு. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலும் இடம்பெற்ற மொழி. அந்த மொழி பேசும் குழந்தையின் காதில் ஒரு புரியாத மொழியை மாட்டிவிட்டு, பலகையில் இன்னொரு புரியாத மொழியை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பிள்ளைகளோடு பேசிப் பழகித் தானாக வந்திருக்க வேண்டிய தமிழையும் அந்த ஹெட்போன் தடுத்துவிட்டது. எத்தனை வருடம் ஆனாலும் இது எனக்கு ஆறவில்லை. அதே காட்சியை இன்னொரு வகுப்பில் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

எந்த மாநிலம் என்று கேட்டு நிறுத்தாதீர்கள். பீகார் என்றால் போஜ்புரியாக இருக்கலாம், மைதிலியாக இருக்கலாம். ஒடிசா என்றால் ஒடியாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. “பாட்டிகிட்ட என்ன பேசுவே?” என்று கேளுங்கள். அம்மாவையும் குழந்தையையும், நேற்று ராத்திரி என்ன சமைத்தார்கள் என்று ஒரு நிமிடம் பேசவிட்டுச் செல்போனில் பதிவு செய்யுங்கள். அந்த மொழி தெரிந்த ஒருவர் மில்லிலேயே இருப்பார், அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

பிறகு நான் செய்தது இதுதான். புளியங்கொட்டைகளைப் படம் எடுத்து, அவள் எண்ணுவதைப் பதிவு செய்து, ஸ்மார்ட் போர்டில் தொட்டால் அவள் குரல் கேட்கும்படி வைத்தேன். மித், பார், பே, பொன். நான்காவதைக் கேட்டதும் வகுப்பே “பொன்னா!” என்று கத்தியது. அவள் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து, சோற்றுக்கு என்ன, மரத்துக்கு என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு அவளுக்குத் தமிழ் வந்தது.

கணக்கைத் தமிழால் அளப்பது

2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, அடிநிலையிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பிரிக்கிறோம். “கூடையில் 18 மாம்பழம்…” என்று நான் படித்ததும் விழித்த ஒரு பையனை அரும்பு என்று குறித்தேன். அதே கணக்கைக் கொட்டைகளை வைத்துக் கேட்டபோது, பத்தை ஒதுக்கிவைத்து நொடியில் சொன்னான். அவனுக்குத் தெரியாதது ‘கூடை’ என்ற சொல் மட்டும்தான்.

பெயரை வசதிக்குச் சுருக்குவது

வேண்டாம். அம்மா கூப்பிடுவதைப் பதிவு செய்து, அப்படியே சொல்லப் பழகுங்கள்.

இந்தி தெரிந்த பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவது

அந்தப் பிள்ளையின் பாடம் போய்விடும்.

மொழிபெயர்ப்புச் செயலி சொன்னதை அப்படியே அனுப்புவது

இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும்தான், நாளையும்தான். வினைச்சொல் இல்லாத அரைகுறை வாக்கியத்தில் எது என்று படிப்பவருக்குத் தெரியாது. “நாளை லீவு” என்று அனுப்பாமல் தேதியை எண்ணில் போடுங்கள். வாக்கியத்தைச் சின்னதாக எழுதி, வந்த மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்த பிறகே அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்குக் குரல் பதிவுதான் சரி. போன் பெரும்பாலும் ஷிஃப்டுக்குப் போன அப்பாவிடம் இருக்கும். காலையில் வர வேண்டிய பதிலை ராத்திரி ஒன்பது மணிக்கு எதிர்பாருங்கள்.