கடலை விட்டு வருபவருக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து எழுதுவது எப்படி?

கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெறுபவருக்கு மாலுமிகளின் ஆங்கிலத்திலேயே வாழ்த்து அட்டை எழுத ஆசையா? முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கடலை விட்டவருக்கு ஒரு சொல், உலகத்தை விட்டவருக்கு வேறு சொல். இரண்டிலும் நங்கூரமும் சங்கிலியும் வந்து நிற்கும்.

நான் கப்பலில் தேர்டு மேட்டாக, அதாவது இளநிலை அதிகாரியாக இருந்தபோது, எங்கள் போசனின் (மேல்தள மாலுமிகளின் தலைவர்) விடைபெறும் அட்டையில் ‘ஸ்லிப்ட் ஹிஸ் கேபிள்’ என்று எழுதிவிட்டேன். சங்கிலியை விட்டுக் கிளம்புவது ஓய்வுதானே என்று நினைத்தேன். அவர் படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேப்டன்தான் தனியே அழைத்து, அதற்கு ‘செத்துப்போனார்’ என்று அர்த்தம் என்றார். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

நங்கூரச் சங்கிலியை 27.5 மீட்டர் கொண்ட ஷேக்கிள் கணக்கில் எண்ணுவோம். அதன் கடைசி முனை சங்கிலி அறையில் மாட்டியிருக்கும். புயல் நெருங்கி, நங்கூரத்தைத் தூக்க நேரமில்லை என்றால் சங்கிலியைக் கழற்றிவிட்டு, நங்கூரத்தைக் கடலடியிலேயே விட்டுக் கப்பல் போய்விடும். அந்தப் புறப்பாட்டைத்தான் சாவுக்குச் சொல்கிறார்கள். ‘கிராஸ்ட் தி பார்’ என்பதும் அப்படித்தான். துறைமுக வாயில் மணல்திட்டைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போவது அது. இரங்கல் குறிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்கு உரிய சொல் ‘ஸ்வாலோ தி ஆங்கர்’. நங்கூரத்தையே விழுங்கிவிட்டார், இனி எந்தத் துறையிலும் அதை இறக்கப்போவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ‘ஸ்வாலோட் தி ஆங்கர்’ என்று தயங்காமல் எழுதலாம். ‘சைன் ஆஃப்’ வேண்டாம். அது ஒப்பந்தம் முடிந்து இறங்குவது, அடுத்த கப்பலுக்கு அவரே வருவார்.

சரி, தமிழிலும் ஒரு வரி சேர்க்க வேண்டுமா? ‘கரையேறிவிட்டீர்கள்’ என்று எழுதாதீர்கள். நம் பேச்சில் அது கஷ்டத்திலிருந்து தப்பியவருக்குச் சொல்வது. கடலை நேசித்தவருக்கு அது பொருந்தாது. ‘கரை சேர்ந்தீர்கள்’ என்பது இதமாக இருக்கும்.

அப்புறம், அவர் கையால் செய்த ஒரு வேலையை எழுதுங்கள். போசனுக்கு இரண்டாவதாக ஓர் அட்டை அனுப்பினேன். சரியான சொல்லோடு, சங்கிலியில் உள்ளங்கையை வைத்து, அதிர்வை உணர்ந்தே நங்கூரம் பிடித்திருக்கிறதா இழுபடுகிறதா என்று அவர் சொல்வதையும் எழுதினேன். அதற்குப் பதில் கடிதம் வந்தது.