கல்யாண நாளுக்கு வால்பாறை: ஓட்டுகிறவருக்கும் மலை தெரிய வேண்டும்

நம் பக்கம் வைகாசியில் நடக்கிற கல்யாணங்களுக்குக் கணக்கே இல்லை. அதனால் பல பேருக்குக் கல்யாண நாளும் கோடை விடுமுறைக் கூட்டமும் ஒன்றாக வந்து நிற்கும். நான் பொள்ளாச்சிக்காரி. "இந்த வருஷம் காரிலேயே எங்கேயாவது போகலாம்னு இருக்கோம், சொல்லேன்" என்று சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் ஏப்ரலில் போன் செய்தால், நான் சொல்வது ஒரே ஒரு சாலைதான். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறி, மளுக்கப்பாறை காட்டுக்குள் இறங்கி, அதிரப்பள்ளி அருவி வழியாகக் கேரளத்துச் சாலக்குடி. மூன்று நாள், இரண்டு இரவு. அதற்கு மேல் ஒரு ஊரையும் சேர்க்காதீர்கள். மூணாறையும் அதோடு முடித்துவிடலாமா என்று கேட்கிறவர்களிடம், அப்படியானால் பேருந்தில் போங்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஜோடியாகக் காரில் போவதில் ஒரு சங்கடம் உண்டு. ஓட்டுகிறவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் "ஐயோ, அங்கே பாருங்க" என்பார், இவர் வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடு திரும்பிய பிறகு ஒருவரிடம் மலை இருக்கும், மற்றவரிடம் முதுகுவலி இருக்கும். எனவே திட்டம் போடும்போது முதல் கேள்வி எங்கே தங்குவது என்பதல்ல. எங்கெங்கே நிறுத்துவது, யார் எங்கே ஓட்டுவது என்பதுதான். என் அக்காவும் மாமாவும் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் போனபோது நான் எழுதிக் கொடுத்த தாளில் ஓட்டல் பெயர் கடைசி வரியில்தான் இருந்தது.

இரண்டு பேருக்கும் லைசென்ஸ் இருந்தால் ஏறும்போது ஒருவர், இறங்கும்போது ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் ஏறுவது அவர், இறங்குவது நான். ஒருவர்தான் ஓட்டுவார் என்றால் நிறுத்தங்களை இரட்டிப்பாக்குங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், நீங்கள் ஐந்து மணி நேரம் வையுங்கள்.

முன்னேற்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இருக்கிற இ-பாஸ் என்கிற ஆன்லைன் நுழைவு அனுமதி, 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கல்யாண நாள் சனி ஞாயிறில் வந்தால் பயணத்தைத் திங்களுக்குத் தள்ளிவிடுங்கள், தேதியில் ஒன்றும் குறைந்துவிடாது. மே முதல் பாதி நல்லது. காலையில் வெளுப்பு, மதியத்துக்கு மேல் ஒரு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அட்டைக் கடியோடுதான் கொண்டாட வேண்டியிருக்கும்.

அறை பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் எஸ்டேட் மண்சாலையா, என் கார் அடி தட்டாமல் வருமா? ராத்திரிச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா? காரை அறைக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாமா? இரண்டாவதும் மூன்றாவதும் சும்மா கேட்கவில்லை. வால்பாறையில் சிறுத்தையும் யானையும் தேயிலைக்குள்ளேயே நடமாடுகின்றன. இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கடை தேடிக் கிளம்புகிற ஊர் இல்லை அது. கட்டிலில் ரோஜா இதழ், துண்டில் மடித்த அன்னப்பறவை எல்லாம் வேண்டுமா என்று அவர்களே கேட்பார்கள். உங்கள் இஷ்டம். எனக்கு அந்த இதழ்களைப் பெருக்குகிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

இனி சாலை. காலை ஆறரைக்குப் பொள்ளாச்சியை விடுங்கள். வயிற்றில் இரண்டு இட்லி போதும், பொங்கல் வேண்டாம். கோயில் போகாமல் கல்யாண நாள் இல்லை என்கிறவர்கள் ஆனைமலை மாசாணியம்மனைப் பார்த்துவிட்டு வரலாம். அம்மன் படுத்த கோலத்தில் இருப்பாள். அமாவாசையும் வெள்ளியும் கூட்டம் தள்ளும். அப்புறம் ஆழியாறு. அணையைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். அங்கே வறுக்கிற மீன் பெயர் போனது, ஆனால் மலை ஏறப்போகிற வயிற்றுக்கு அது வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் வேண்டாம்.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, வளைவுக்கு முன்னால் ஹாரன், இரண்டாவது கியருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பாயிண்ட். அங்கே காரை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, இரண்டு பேரும் இறங்குங்கள். இதுவரை ஏறி வந்த சாலை காலடியில் மடிந்து மடிந்து கிடக்கும், அதற்குக் கீழே ஆழியாறு நீர்த்தேக்கம். ஓட்டியவருக்குத் தான் எதில் ஏறி வந்தோம் என்பதே அங்கேதான் தெரியும். அங்கே வரையாடுகள் சாலைச் சுவர் வரை வரும். மாநில விலங்கு, மனிதரைக் கண்டு அலட்டிக்கொள்ளாது. கிட்டப் போகாதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். குரங்குக்கும் அதேதான். கை நீட்டி வாங்கிப் பழகிய குரங்கு சாலையிலேயே காத்திருந்து அடுத்த வண்டியில் அடிபடுகிறது.

அட்டகட்டியில் ஒரு டீ. கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கினால் விளக்கை லோ பீமில் போட்டு மெதுவாகப் போங்கள், ஹை பீம் போட்டால் வெள்ளைத் திரைதான் தெரியும். வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். இங்கே நின்றே ஆக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்குகள் இந்தச் சின்னக் காட்டுத் துண்டில் கூட்டமாக வாழ்கின்றன. தலையைத் தூக்கினால் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய பாலம் தெரியும். தீயணைப்பு வண்டியின் பழைய ஹோஸ் குழாய்த் துணியால் செய்தது. குரங்குகள் சாலையில் இறங்காமல் கடப்பதற்காக நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் ஏற்பாடு செய்தது. தாய்க் குரங்கு குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு அதன் மேல் நடந்து போவதைப் பார்க்கக் கிடைத்தால் போட்டோ எடுக்க அவசரப்படாமல் பாருங்கள்.

இரண்டாம் நாள் பெரிய ஓட்டம் வேண்டாம். விடிந்ததும் முடீஸ் வழியாக நல்லமுடி பூஞ்சோலை. தேயிலைக்குள் கொஞ்சம் நடந்தால் பள்ளத்தாக்கின் விளிம்பு, எதிரே கேரள மலைகள். பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும், அப்புறம் போய்ப் பயனில்லை. திரும்பி வந்து தூங்குங்கள். மாலையில் ஊருக்குள் ஒரு சுற்று. வழியில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு மின்னினால் அது அலங்காரமில்லை. பக்கத்தில் யானை நிற்கிறது என்று எச்சரிக்கச் செல்போனாலேயே எரிய வைக்கிற விளக்கு. இந்த எச்சரிக்கை ஏற்பாட்டுக்காக வால்பாறையில் வேலை பார்த்த ஆனந்தகுமாருக்கு 2015இல் வன உயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. விளக்கு எரிந்தால் வந்த வழியே திரும்புங்கள். இன்னொன்று, கூழாங்கல் ஆறு முழங்கால் அளவுபோலத் தெரியும். கரையில் உட்காருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து ஆறுகளில் குளிக்க இறங்கிப் போன உயிர்கள் ஏராளம்.

மூன்றாம் நாள்தான் நான் பொறாமைப்படுகிற நாள். வால்பாறையிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், காட்டுக்குள் பங்க் கிடையாது. சோலையாறு அணையைத் தாண்டினால் மளுக்கப்பாறையில் கேரள வனத்துறைச் செக்போஸ்ட். நேரம் எழுதித் தருவார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் கணக்கெடுப்பார்கள், அடுத்த முனையான வாழச்சாலில் அதைச் சரிபார்ப்பார்கள். மாலை ஆறுக்குப் பிறகு விடமாட்டார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து இந்த வழி மூடப்படுவதும் உண்டு, அதனால் முந்தின நாள் லாட்ஜிலேயே விசாரித்துவிடுங்கள்.

சாலை குறுகல், இரண்டு பக்கமும் மழைக்காடு, போனில் சிக்னல் போய்விடும். இங்கே ஓட்டுகிறவருக்கும் வேடிக்கை உண்டு, ஏனென்றால் இருபதில்தான் போக முடியும். கண்ணாடியை இறக்கி வையுங்கள். காற்றாடி சுற்றுவது போல உஸ்உஸ்ஸென்று சத்தம் மேலே கடந்தால் அது இருவாச்சிப் பறவை. யானை குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கடிக்காதீர்கள், இறங்கவே கூடாது. தள்ளி நின்று, தேவைப்பட்டால் ரிவர்ஸ் எடுங்கள். 2022 நவம்பரில் இதே சாலையில் கபாலி என்று பேர் வாங்கிய கொம்பன் எதிரே வர, ஒரு தனியார் பேருந்து எட்டுக் கிலோமீட்டர் பின்னாலேயே போயிருக்கிறது. உங்கள் கார் அதைவிடச் சின்னதுதான்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரில் பிடித்து இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'எல்' நிலையிலோ மேனுவல் நிலையிலோ போடுங்கள். ரப்பர் கருகுகிற வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அதிரப்பள்ளியில் மே மாதம் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். அருவியின் அடிவரை இறங்கும் பாதை நன்றாக இருக்கும், ஆனால் திரும்பி ஏற முழங்கால் சம்மதிக்க வேண்டும். மேலிருந்தே பார்த்தாலும் குறையில்லை. சாப்பாட்டைச் சாலக்குடியில் வைத்துக்கொண்டு மூன்று மணிக்குள் கிளம்பினால் நான்கு வழிச்சாலை, குதிரான் சுரங்கம், பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று வந்து இருட்டுகிற நேரத்துக்குப் பொள்ளாச்சி. சென்னைக்காரர்கள் அன்று ராத்திரியே மேலே ஓட்ட வேண்டாம். காரைப் பொள்ளாச்சியிலேயே யார் வீட்டிலாவது நிறுத்திவிட்டுத் தூங்கி எழுந்து போகட்டும்.