தெருவைக் கல்லில் ஏற்றும்போது நேரும் தவறுகள்

நகரத் தெருவை அரூபக் கல்லச்சாக (உருவங்களை உள்ளபடி காட்டாமல், கல்லில் வரைந்து தாளில் எடுக்கும் லித்தோகிராஃப் அச்சுப்படமாக) ஆக்க முனைபவர்கள், தெருவை முழுதாக வரைந்துவிட்டுப் பிறகு மங்கலாக்கினால் அரூபம் வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. அமெரிக்க ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸ், நியூயார்க்கின் ஆறாவது அவென்யூவில் தூண்களின் மேல் ஓடிய ரயில் பாதையைக் கொண்டு 1931இல் ஒரு கல்லச்சு செய்தார். கண்முன் கிடந்த தெருவை அவர் அப்படியே படியெடுக்கவில்லை. தெருவின் கூறுகளைத் தட்டையான வடிவங்களாக்கித் தம் விருப்பப்படி அடுக்கிக்கொண்டார். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதைக் கல்லின்முன் உட்காருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கல்லில் ஏறியதை அழிப்பது பெரும்பாடு.

காரணம் எளியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியரான அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த இந்தக் கல்லச்சு முறை, எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதையே அடிப்படையாகக் கொண்டது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் பிசுக்கை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்தப் பிசுக்கு ஓவியரின் கிரேயானிலிருந்து வந்ததா, உள்ளங்கையிலிருந்து வந்ததா என்று அது பார்ப்பதில்லை. வெளிறிய வானத்துக்காக ஒதுக்கிய மூலையில் கை பதிந்தால், வரையும்போது அங்கே எதுவும் தெரியாது. உருளையால் மை பூசும் நாளில்தான் விரல் ரேகைகள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழும். ஆகவே, கல்லைத் தொடாதபடி இருபுறமும் முட்டுக்கொடுத்த பலகையின்மேல் கையை ஊன்றி வரைவதே முறை. இதே காரணத்தால், மாதிரிப் படத்தைக் கல்லுக்கு மாற்றக் கார்பன் தாளைப் பயன்படுத்தக் கூடாது. அதன் மெழுகும் அச்சாகிவிடக்கூடும். காவிப்பொடி தேய்த்த மெல்லிய தாள் போதும்.

படம் இடவலமாகத் திரும்பி அச்சாகும் என்பதை எல்லோரும் அறிவார்கள், ஆனாலும் மறக்கிறார்கள். கடைப் பலகையின் எழுத்து இடவலம் மாறினால் உடனே தெரிந்துவிடும். அரூபப் படத்தில் எழுத்து இல்லாதபோதுதான் ஆபத்து அதிகம், ஏனெனில் இடப்புறம் கனத்த கறுப்பு வலப்புறம் போய்விட, தெருவின் சாய்வு முழுவதும் எதிர்த்திசையில் ஓடும். அருகில் ஒரு கண்ணாடியை நிறுத்தி அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

தார்ச்சாலையின் கருமைக்காக மென்மையான ஒன்றாம் எண் கிரேயானை அழுத்தித் தேய்ப்பவர்கள், கல்லின் பொருக்கை (மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பை) அடைத்துச் சாம்பல் நிறங்களை இழக்கிறார்கள். சாம்பலுக்குக் கடினமான நான்கு, ஐந்தாம் எண்களே ஏற்றவை; முழுக் கறுப்பை மை தீட்டி எடுத்து, விளக்கொளிக்கு வேண்டிய வெள்ளையைக் கத்தி முனையால் சுரண்டிக்கொள்ளலாம். பிறகு படத்தைக் கல்லில் நிலைப்படுத்தப் பூசும் கருவேலம் பிசின், நைட்ரிக் அமிலக் கலவையைக் கல் முழுவதற்கும் ஒரே வீரியத்தில் வைப்பதும் பிழை: கறுப்பு தாங்கும் வீரியம் மெல்லிய சாம்பலைத் தின்றுவிடும். மை ஏற்றும்போது கல்லை ஈரம் காயவிட்டால் வெற்றிடங்களிலும் மை பிடித்துக்கொள்ளும்.

சோதனைப் படிகளில் நிறைவு வருமுன் தாள்களுக்குப் பதிப்பு எண் (மொத்தப் படிகளில் இது எத்தனையாவது என்ற எண்) இட்டுவிடக் கூடாது. வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம்: உருப்பெருக்கியில் ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால், அது பெரும்பாலும் ஆஃப்செட் இயந்திர அச்சில் எடுத்த நகல்; கல்லில் வரைந்த கிரேயானின் பொருக்கு ஒழுங்கில்லாமல்தான் இருக்கும்.